பற்றவைப்பின் தரத்தை வரைகோடு சொல்லுமா?

கார் ஒன்றின் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் செருகியிருக்கும் ரப்பர்ப் பட்டையைச் சற்று விலக்கிப் பாருங்கள். தகட்டில் சிறு வட்டக் குழிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு புள்ளிப் பற்றவைப்பு. பட்டறைகளில் 'ஸ்பாட் வெல்டிங்' என்பது இதைத்தான். ஒரு காரின் உடலில் இவை சில ஆயிரம் உண்டு.

குழி அழகாக இருப்பதாலேயே பற்று நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. 1 மி.மீ. தடிப்புள்ள மென்னெஃகுத் தகடுகள் இரண்டைச் செம்பு மின்முனைகள் இருபுறமும் அழுத்திப் பிடிக்க, ஏறக்குறைய 10,000 ஆம்பியர் மின்னோட்டம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பாய்கிறது. தகடுகள் தொடும் இடத்தில் மின்தடை மிகுதி. அங்கே வெப்பம் திரண்டு, எஃகு உருகி, பின் உறைந்து கட்டியாகிறது. இந்த உருகுகட்டியின் விட்டம் இத்தகட்டுக்கு 4 மி.மீ. ஆவது இருக்கவேண்டும் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் விதி. ஆனால் கட்டி தகடுகளுக்கு நடுவே மறைந்து கிடக்கிறது. பிளந்து பார்த்தால் தெரியும். பிளந்த காரை யார் வாங்குவார்?

டிக்கின்சன், பிராங்க்ளின், ஸ்டான்யா ஆகிய மூவரும் 1980இல் அமெரிக்கப் பற்றவைப்புக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. மின்னோட்டம் பாயும்போதே மின்தடை மாறும் விதத்தை அவர்கள் வரைகோடாகப் படித்தார்கள். தகட்டுப் பரப்பின் மேடுபள்ளங்கள் நசுங்கும்போது தடை விழுகிறது. எஃகு சூடேறச் சூடேற, தடை உயர்கிறது. உருகுகட்டி வளர்ந்து, மின்முனைகள் தகட்டில் அமிழும்போது மீண்டும் இறங்குகிறது. கோட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் இயற்பியல் காரணம் காட்டியதே இம்முறையின் சிறப்பு. அளக்கப்படும் தடையோ ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினது!

ஆயின், இக்கோட்டைப் பற்றின் தரத்துக்கே சாட்சியாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மின்னோட்டம் நின்றதும் கோடும் நின்றுவிடுகிறது. எஃகின் குணம் முடிவாவதோ அதற்குப் பிறகு. நீரால் குளிரூட்டப்பட்ட செம்பு முனைகள் வெப்பத்தை விரைந்து உறிஞ்ச, உருகுகட்டி கண் இமைக்கும் நேரத்தில் குளிர்கிறது. மென்னெஃகில் இதனால் பெரிய தீங்கில்லை. கரி மிகுந்த உயர்வலிமை எஃகில் கட்டி மிகக் கடினமாகி, நொறுங்கும் தன்மையும் பெறக்கூடும். இழுத்தால் மென்னெஃகில் பொத்தானைப் போல் பெயர்ந்து வரும் அதே அளவுள்ள கட்டி, இங்கே தகடுகளின் நடுவே குறுக்காகப் பிளந்துவிடலாம். இரண்டுக்கும் விட்டம் ஒன்றே. கோடு காட்டுவது விட்டத்தின் சாயலை. நமக்கு வேண்டுவது வலிமை.

துத்தநாகப் பூச்சு வேறொரு தொல்லை. அது 420 டிகிரி செல்சியசிலேயே உருகிப் பரவுவதால் தொடக்கத்தில் தடை குறைந்து, கோட்டின் முகமே மாறிவிடுகிறது. செம்பு முனையோடு கலந்து பித்தளையாகி முனையையும் தின்கிறது. எஃகு உருகாமலே துத்தநாகம் மட்டும் தகடுகளை ஒட்டவைத்துவிடுவதும் உண்டு. வெளிக்குழி வழக்கம்போலவே இருக்கும்.

இன்று இக்கோடுகளைக் கணிப்பொறிக்குப் பழக்கி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பற்றுகளைச் சரியாகக் கணிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நீங்கள் மயங்கவேண்டாம். நூறில் ஒன்றுதான் பழுது என்றால், எல்லாவற்றையும் 'நல்லது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பொறியும் அதே மதிப்பெண் பெறும்! பழுதானவை எத்தனை, அவற்றில் எத்தனை பிடிபட்டன என்று கேளுங்கள். சோதித்தவை ஆய்வுக்கூடத்தில் தட்டையாக வெட்டிய துண்டுகளா, இடைவெளியோடு பொருந்திய தகடுகளும் தேய்ந்த முனைகளும் உள்ள ஆலைப் பற்றுகளா என்பதையும் கேட்கலாம்.

கார் ஆலைகளில் சில உடல்களைத் தனியே எடுத்து, உளி செலுத்திப் பற்றுகளைக் கிழித்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. வரைகோடு எவ்வளவு சரி என்று அளப்பதற்கும் அந்தக் கிழிசலைத்தான் அளவுகோலாகக் கொள்கிறார்கள்.