கவலைக்கு மருந்தா மது?

தேர்வில் தோற்றவன் குடிக்கிறான். காதலில் தோற்றவன் குடிக்கிறான். வீட்டிலிருந்து பணம் வரவில்லை என்று விடுதி அறையில் இன்னொருவன் குடிக்கிறான். இப்படித்தான் நாம் கதை கேட்டு வளர்ந்திருக்கிறோம். 1953இல் வெளிவந்த 'தேவதாஸ்' படத்தைப் பார்க்காதவர்கள்கூட, தாடி வளர்த்துக்கொண்டு திரியும் நண்பனைத் 'தேவதாஸ்' என்று கேலி செய்வதுண்டு.

கவலை வந்தால் மனிதன் குடிப்பான். குடித்தால் கவலை குறையும். இந்த இரண்டு கூற்றுகளையும் நாம் ஒன்றாகவே நம்புகிறோம். அறிவியல் உலகிலும் 'இறுக்கத் தணிப்புக் கொள்கை' என்ற பெயரில் இக்கருத்து நெடுநாள் செல்வாக்குடன் இருந்தது. கல்லூரி மாணவர் குடிப்பதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பாடச்சுமை, தேர்வு அச்சம், வேலை கிடைக்குமா என்ற ஏக்கம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிப் பலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள். இந்த விளக்கம் சரிதானா? சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

பூனையும் எலியும்

1946இல் அமெரிக்க உளமருத்துவர் மாசர்மன் தம் துணைவருடன் பூனைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். பெட்டியைத் திறந்து உணவு எடுக்கப் பூனைகள் பழக்கப்பட்டிருந்தன. பின்னர், உணவை நெருங்கும்போது அவற்றுக்கு அதிர்ச்சி தரப்பட்டது. அஞ்சிப்போன பூனைகள் பெட்டியின் பக்கமே வரவில்லை. ஆல்ககால் கொடுத்ததும் அச்சம் தணிந்து மீண்டும் உணவை நாடின. அவற்றுள் சில, வெறும் பாலை விட ஆல்ககால் கலந்த பாலையே விரும்பின. 1951இல் காங்கர் என்பவர் எலிகளைக் கொண்டு இதைப் போன்ற முடிவையே கண்டார்.

முடிவு தெளிவாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள். காங்கரின் எலி ஆல்ககாலைத் தானே தேடிப் போகவில்லை. ஆய்வாளர்தாம் அதன் உடலில் செலுத்தினார். ஆகவே, உடலுக்குள் சென்ற ஆல்ககால் அச்சத்தை என்ன செய்கிறது என்பதற்கு அது சான்றாகலாம்; ஓர் உயிர் ஏன் குடிக்கிறது என்பதற்குச் சான்றாகாது. 'இது என்ன செய்யும்?' என்பது ஒரு கேள்வி. 'இதை ஏன் நாடுகிறார்கள்?' என்பது வேறொரு கேள்வி. 1972இல் கப்பெல், ஹெர்மன் ஆகிய இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தபோது, அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்பதைச் சுட்டிக்காட்டினர். கொள்கையின் அடித்தளம் எல்லோரும் எண்ணியதைப் போல உறுதியானதாக இல்லை.

மனிதரிடம் செய்த சோதனைகளும் இதையே காட்டின. ஹிக்கின்ஸ், மார்லட் என்போர் 1973இல் சிலரிடம் 'உங்களுக்கு மின்னதிர்ச்சி தரப்போகிறோம்' என்று அச்சுறுத்திவிட்டு, அவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று அளந்தனர். அச்சத்தால் குடி கூடவில்லை. 1975இல் வேறு வகை அச்சத்தை ஊட்டினர். பெண்கள் தங்களை மதிப்பிடப் போகிறார்கள் என்று எதிர்பார்த்த ஆண்கள், அப்படி எதிர்பார்க்காதவர்களை விட அதிகமாகக் குடித்தனர். ஆக, எந்த இறுக்கமும் குடியைத் தூண்டிவிடும் என்பது தவறு. 'இந்த இடத்தில் குடி எனக்குத் துணை நிற்கும்' என்று முன்னரே நம்புபவனைத்தான் அது தூண்டுகிறது. அந்த நம்பிக்கையை ஊட்டுபவர்கள் யார்? நாம்தான், நம் கதைகளும் பேச்சும்தான்.

தேர்வு வாரத்தில் என்ன நடக்கிறது?

இனிக் கல்லூரிக்குள் நுழைவோம். பல ஆய்வுகளில் மாணவரிடம் ஒரே நாளில் இரு கேள்விகள் கேட்கப்படுகின்றன: 'உனக்கு எவ்வளவு இறுக்கம்?', 'நீ எவ்வளவு குடிக்கிறாய்?' இரண்டு விடைகளும் சேர்ந்து உயர்ந்திருந்தால், இறுக்கமே குடிக்குக் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் குடிப்பவனுக்கு வகுப்பு தவறும், பாடம் பாக்கி விழும், நண்பர்களோடு சண்டை வரும், கைப்பணம் கரையும். இவையும் இறுக்கம்தானே? எது முந்தியது, எது பிந்தியது என்பதை ஒரே நாளில் எடுத்த கணக்கு காட்டாது.

இதைத் தெளிய நல்ல வழி, குடியை நாள்வாரியாகக் கணக்கெடுப்பது. அமெரிக்காவில் டெல் போக்காவும் அவர் குழுவினரும் முதலாண்டு மாணவரிடம் கல்வியாண்டு முழுவதற்கும் இப்படிக் கணக்கெடுத்து 2004இல் வெளியிட்டனர். குடி உச்சத்தைத் தொட்டது தேர்வு வாரத்தில் அன்று. புத்தாண்டு போன்ற கொண்டாட்டங்களிலும் விடுமுறைகளிலும்தான். தேர்வு நாட்களில் அது தாழ்ந்தே இருந்தது. தேர்வு அச்சம்தான் குடிக்க வைக்கிறது என்றால், இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

1993இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெக்ஸ்லர் குழு 140 கல்லூரிகளில் 17,592 மாணவரை ஆராய்ந்தது. ஆண்கள் ஒரே அமர்வில் 5 அளவும், பெண்கள் 4 அளவும் அதற்கு மேலும் குடிப்பதை 'மிகைக்குடி' என வகுத்தது. 44 விழுக்காட்டினர் அந்த எல்லையைத் தொட்டிருந்தனர். இதில் முன்னின்றவர்கள் மாணவர் சங்க இல்லங்களில் வாழ்ந்தவர்கள், கேளிக்கையையே கல்லூரி வாழ்வின் மையமாகக் கொண்டவர்கள், பள்ளியிலேயே இப்படிக் குடித்துப் பழகியவர்கள். பெரும்பாலோரைக் குடிக்க வைப்பது துயரம் அன்று. கூட்டமும் கொண்டாட்டமும் பழக்கமுமே.

குடித்தால் கவலை தீருமா?

இரண்டாம் கூற்றையும் பார்த்துவிடுவோம். 1988இல் ஸ்டீல், ஜோசப்ஸ் ஆகியோர் மாணவரிடம், சற்று நேரத்தில் நீங்கள் சங்கடமான பொருள் பற்றிப் பேச வேண்டும் என்று கூறினர். ஆல்ககால் அருந்தியபின் படங்களைப் பார்த்து மதிப்பிடும் வேலையில் ஈடுபட்டவர்களுக்குப் பதற்றம் தணிந்தது. அருந்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தணியவில்லை. ஆல்ககால் கவனத்தின் எல்லையைச் சுருக்குகிறது. எதிரே வேறு காட்சி இருந்தால் கவலை மறைகிறது. தனி அறையில் கவலை மட்டுமே எதிரே இருந்தால், சுருங்கிய கவனம் அதையே பற்றிக்கொள்கிறது.

உடலின் கணக்கு இன்னும் கடுமையானது. மூளையில் 'காபா' என்ற பொருள் நரம்புச் செயலைத் தணிக்கிறது, 'குளுட்டமேட்' தூண்டுகிறது. ஆல்ககால் முன்னதன் வேலைக்குத் துணை போய்ப் பின்னதைத் தடுக்கிறது. மூளை இதை ஈடுசெய்ய எதிர்த்திசையில் சாய்கிறது. ஆல்ககால் வெளியேறிய பிறகும் அந்தச் சாய்வு நீடிப்பதால் படபடப்பு, எரிச்சல், அரைகுறைத் தூக்கம் ஆகியவை வருகின்றன. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்ககாலைத்தான் அகற்றும். அமெரிக்கக் கணக்கில் ஓர் அளவு 14 கிராம். 5 அளவு 70 கிராம். இரவு 10 மணிக்குக் குடித்தவரின் உடல் அதை அகற்றி முடிக்கக் காலை 5 மணி முதல் 8 மணி வரை ஆகும். பத்து மணித் தேர்வுக்குப் போகும் மூளையின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். நேற்றைய கவலை தீரவில்லை. இன்றைய பதற்றம் வட்டியாகச் சேர்ந்திருக்கிறது.

தொடர்பே இல்லையா?

இல்லை என்று சொல்வதும் பிழையே. லின் கூப்பர் 1994இல் குடிப்பதற்கான நோக்கங்களை நான்காகப் பிரித்தார்: கூடி மகிழ, கிளர்ச்சி பெற, மற்றவரோடு ஒத்துப்போக, துன்பத்தைச் சமாளிக்க. நான்காம் வகையினர் தொகையில் குறைவு. ஆனால் குடியால் விளையும் கேடுகள் இந்த நோக்கத்தோடுதான் நெருங்கிய தொடர்பு கொண்டுள்ளன. குடிக்கும் அளவு ஒன்றாக இருந்தாலும் இவர்களுக்கே சிக்கல் மிகுதி.

பழைய கருத்தின் மீது நமக்குள்ள முதன்மையான குறை இங்கேதான் இருக்கிறது. 'எல்லாம் மன இறுக்கத்தால்தான்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், கொண்டாட்டத்துக்குக் குடிப்பவனுக்கு அது ஒரு சாக்காகிறது. உண்மையிலேயே துன்பத்தை மறக்கக் குடிப்பவனோ அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோகிறான். ஒருவனுக்குத் தேவை கூட்டத்தில் 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு. மற்றவனுக்குத் தேவை அவன் குறையைக் காது கொடுத்துக் கேட்கும் ஆள். இருவருக்கும் ஒரே அறிவுரையை ஓதினால் இருவருக்குமே பயனில்லை.

இவை பெரிதும் அமெரிக்க ஆய்வுகள். குடும்பமும் ஊரும் குடியை வேறு கண்ணோடு பார்க்கும் நம் நாட்டில் நான்கு வகையினரின் விகிதமும் மாறக்கூடும். ஆகவே எண்களை அப்படியே இங்கே பொருத்திவிடாதீர்கள்; கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறை நண்பன் குடிக்கிறானா? கூட்டத்தோடு குடிக்கிறானா, தனியே குடிக்கிறானா? நல்ல செய்தி வந்த நாளிலா, கெட்ட செய்தி வந்த நாளிலா? தனியே, கெட்ட நாளில் என்பது விடையானால், கேலியை நிறுத்திவிட்டு அவனருகே உட்காருங்கள். ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் இயங்கிவரும் 'டெலி மானஸ்' மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். அவனைத் 'தேவதாஸ்' என்று அழைப்பது எளிது. என்ன துன்பம் என்று கேட்பதே அவனுக்கு உதவும்.