தாய்ப்பாறையும் படிகமும்: சியோலைட் சேகரிப்போர் சுவை பற்றிய திறனாய்வு

மணிக்கற்களை மதிப்பிடுவதற்கு நெடுங்காலமாக ஓர் அளவுகோல் இருந்து வருகின்றது. நிறம், ஒளி, குற்றமின்மை, எடை ஆகிய நான்கையும் பார்த்து விலை சொல்வர். வைரத்திற்கும் நீலத்திற்கும் அது பொருந்தும். அதே அளவுகோலை ஏந்திக்கொண்டு சியோலைட் என்னும் கனிம இனத்தை அணுகுவோர் பெரும்பிழை செய்கின்றனர். அது சுவைப்பிழையாக மட்டும் நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கனிமத்தையே சிதைக்கும் செயலாக அது வளர்ந்துவிட்டது. ஆதலின், சியோலைட் படிகங்களை எவ்வாறு சுவைத்தல் தகும் என்பதை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

பெயரும் இயல்பும்

1756-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஆக்செல் பிரெடரிக் கிரான்ஸ்டெட் ஒருவகைக் கனிமத்தைச் சுடரில் காட்டினார். கல்லினுள் இருந்த நீர் ஆவியாகி வெளியேற, கல் கொதிப்பதுபோலப் பொங்கிற்று. கொதித்தல், கல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் அமைத்த பெயரே சியோலைட் என்பது. தமிழில் கொதிகல் எனலாம்.

கல்லினுள் நீர் தங்குவது எவ்வாறு? சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் பிணைந்து கூடுபோன்றதொரு சட்டமாக அமைகின்றன. அச்சட்டத்தின் ஊடே மிக நுண்ணிய புழைகள் ஓடுகின்றன. அப்புழைகளில் நீரும், சோடியம், கால்சியம் முதலியவற்றின் அயனிகளும் குடியிருக்கின்றன. அளவாகச் சூடேற்றினால் நீர் வெளியேறும்; பல வகைகளில் ஈரக்காற்றுப் பட்டதும் மீண்டும் உள்ளே புகும். புழையின் அகலத்திற்கு அடங்கிய மூலக்கூறுகளுக்கே உள்ளே இடமுண்டு. இவ்வியல்பு கருதியே மெக்பெயின் என்னும் அறிஞர் 1932-இல் ‘மூலக்கூற்றுச் சல்லடை’ என்ற தொடரை வழங்கினார். இயற்கையில் அறுபதுக்கும் மேற்பட்ட சியோலைட் வகைகள் அறியப்பட்டுள்ளன.

இக்கற்களுள் பல கடினமானவை அல்ல. ஸ்டில்பைட்டும் ஹியூலண்டைட்டும் கடினத்தன்மை அளவையில் நான்கைத் தாண்டுவதில்லை. கத்திமுனை பட்டால் கீறல் விழும். மோதிரத்தில் பதிக்கத் தகாத இவற்றை மணிக்கல்லாகப் பாவித்துக் குறை சொல்வதும், மணிக்கல்லாக்க முயன்று கெடுப்பதும் ஒரே பிழையின் இரு முகங்களாம்.

தக்காணத்துக் குழிகள்

உலகில் சியோலைட் படிகங்களுக்குப் பெயர்பெற்ற இடங்களுள் மேற்கிந்தியாவின் தக்காணப் பாறைப் பகுதி தலையாயது. ஏறத்தாழ ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரந்து உறைந்தது. இன்றும் ஏறக்குறைய ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அக்கருங்கல் அடுக்குகள் கிடக்கின்றன. குழம்பிலிருந்த வளிக் குமிழிகள் அப்படியே உறைந்து குழிகளாயின. பாறையினூடே ஊறிய வெந்நீர் தான் கரைத்துக் கொணர்ந்த பொருள்களை அக்குழிகளின் சுவர்களில் மெல்ல மெல்லப் படியவிட்டது. படிந்தவையே படிகங்கள்.

பம்பாயையும் பூனாவையும் இணைக்கும் இருப்புப்பாதைக்காகப் போர் கணவாயில் மலையைக் குடைந்தபோது இக்குழிகள் பல திறந்துகொண்டன. அப்பாதை 1863-இல் நிறைவெய்தியது. அங்குக் கிடைத்த அரிய படிகங்கள் ஐரோப்பியக் காட்சிசாலைகளைச் சென்றடைந்தன. இன்று அவற்றை வெளிப்படுத்துவன பூனா, நாசிக், ஜல்காவ் வட்டாரங்களின் கல்லுடைக்கும் குவாரிகளும், உழவர் வெட்டும் கிணறுகளுமே. நாசிக் அருகே சின்னாரில் 2001-இல் கனிமங்களுக்கென்றே ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டமை, தாயகத்திலேயே இவற்றைக் காண வழி செய்தது.

உறவில் நிற்கும் அழகு

ஸ்டில்பைட்டின் படிகங்கள் நடுவில் இறுக்கிக் கட்டிய நெற்கதிர்க் கட்டுப்போல இருபுறமும் விரிந்து நிற்கும். ஹியூலண்டைட்டின் ஒரு முகம் முத்துச் சிப்பியின் உட்புறம்போல மிளிரும். ஸ்கொலசைட் ஊசிகள் ஒரு மையத்திலிருந்து விசிறியாய்ப் பரவும். மெசொலைட்டோ மயிரினும் மெல்லிய இழைகளாய் வளரும். விரல் பட்ட மாத்திரத்தில் அழிந்துபோம். இவை ஒவ்வொன்றும் தனித்து அழகியவை எனினும், உண்மையான சுவை இவற்றின் உறவில் இருக்கின்றது. எது எதன்மேல் அமர்ந்துள்ளது என்பதைப் பார்த்தால் எது முந்தியது, எது பிந்தியது என்பது விளங்கும். கருங்கல் சுவர், அதன்மேல் ஹியூலண்டைட், அதன்மேல் ஸ்டில்பைட், எல்லாவற்றுக்கும் மேலே கால்சைட் என்று ஒரு துண்டில் காணப்படின், அக்குழியினுள் நீரும் வெப்பமும் மாறிய வரலாறு அத்துண்டில் எழுதப்பட்டிருக்கின்றது என்க.

இதற்கு வாகோலியினும் சிறந்த சான்று கூறுதல் அரிது. பூனாவின் கிழக்கேயுள்ள அவ்வூர்க் குவாரிகளில் 1980-களின் இறுதியில் கவான்சைட் என்னும் கடுநீலக் கனிமம் கிடைத்தது. முதன்முதல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1967-இல் கண்டெடுக்கப்பட்ட இக்கனிமம் சியோலைட் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும், வாகோலியில் அது வெண்மையான ஸ்டில்பைட்டின்மேல் நீலப் பூக்களாய் அமர்ந்திருக்கும் காட்சியே உலகெங்கும் சேகரிப்போரை ஈர்த்தது. நீலத்தைப் பெயர்த்துத் தனியே வைத்தால் எஞ்சுவது ஒரு சிட்டிகை நீலப் பொடிக்கு ஒப்பானதே. வெண்மை இன்றி நீலத்திற்கு அத்துணைச் சிறப்பில்லை.

மூன்று குற்றங்கள்

இவ்வுண்மையை மறந்ததால் விளைந்த குற்றங்கள் மூன்று. முதலாவது, பிரித்தல். பளபளப்பான அபோபிலைட் படிகத்திற்காக, அதனைத் தாங்கிய சியோலைட்டை உடைத்தெறிகின்றனர். மேலே படிந்த கால்சைட்டை அமிலமிட்டுக் கரைக்கின்றனர். அமிலம் கால்சைட்டோடு நிற்பதில்லை. ஸ்கொலசைட், நேட்ரோலைட் முதலிய சியோலைட்டுகளையும் அரித்துக் கூழாக்க வல்லது. வரலாற்றின் கடைசி ஏட்டைக் கிழிக்கப்போய் நடு ஏடுகளையும் நனைத்துவிடும் செயல் இது.

இரண்டாவது, பொய்ப்புனைவு. சியோலைட்டுகளோடு கிடைக்கும் ஒகெனைட் என்னும் பஞ்சுருண்டை போன்ற வெண்கனிமத்திற்குச் சாயமேற்றி விற்பதும், ஒரு கல்லில் விளைந்த படிகத்தை வேறொரு கல்லில் பசையிட்டு ஒட்டுவதும் சந்தையில் உள்ள வழக்கங்கள். வண்ணம் கண்ணுக்கு இனியதே என்று வாதிடுவோர், சாயம் பூசிய மலரை மலர்க்காட்சியில் வைக்க உடன்படுவரா?

மூன்றாவது, இடம் மறைத்தல். தக்காணத்தின் எம்மூலையில் கிடைத்தாலும் ‘பூனா’ என்று எழுதிவிடுவது பழைய காட்சிசாலைச் சீட்டுகளிலும் காணப்படும் குறை. கிடைக்குமிடத்தைப் போட்டியாளர் அறியலாகாது என்று வணிகர் மறைப்பதும் உண்டு. குவாரி ஒருநாள் மூடப்படும். அதன்மேல் வீடுகள் எழும்பும். பின்னர் அக்கல்லின் பிறப்பிடத்தை யாராலும் மீட்க இயலாது.

வணிகர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. சேற்றோடு வரும் கல்லைக் கழுவியே ஆகவேண்டும். மணங்குக் கணக்கான பாறையை அளவாக உடைத்தே எடுத்துச் செல்லவேண்டும். லாமன்டைட் என்னும் சியோலைட் உலர்ந்த அறையில் நீரை இழந்து, வெளுத்து, பொடிந்துபோகும் இயல்புடையது. அதற்குக் காப்புப் பூச்சிடுவது கனிமத்தைக் காக்கும் செயலே. ஆகவே கைபட்டதெல்லாம் குற்றமாகாது. செய்ததை மறைப்பதே குற்றம். ஒட்டியிருந்தால் ஒட்டியது என்றும், பூச்சிட்டிருந்தால் பூச்சிட்டது என்றும் சீட்டில் எழுதிவிட்டால் குறை நீங்கும்.

சேகரிப்போர் கடமை

சேகரிப்பே வேண்டாம் என்பாரும் உளர். ஆனால், தக்காணத்துக் குவாரிகள் கனிமத்திற்காக வெட்டப்படுபவை அல்ல. சாலைக்கும் கட்டடத்திற்கும் வேண்டிய ஜல்லிக்காகவே வெட்டப்படுகின்றன. குழி திறந்த நாளில் யாரும் எடுக்காவிடில், படிகங்கள் அரைக்கும் பொறிக்குள் போய்விடும். முதலில் அவற்றைக் கண்டு, கைநடுங்காமல் பெயர்த்தெடுப்பவர் அங்குக் கல்லுடைக்கும் தொழிலாளரே. அவர் பார்த்த குழி எது, எந்த அடுக்கில் இருந்தது என்பதைக் கேட்டு எழுதுவோர் மிகச் சிலர். விலை கேட்பது போலவே இடமும் கேட்கும் வழக்கம் வாங்குவோரிடம் வேரூன்றினால், விற்போரும் அதனைக் குறித்து வைக்கத் தொடங்குவர்.

எனவே, சியோலைட்டை மதிப்பிட ஒளியும் எடையும் போதா. தாய்ப்பாறையோடு நிற்கின்றதா, உடன் விளைந்த கனிமங்கள் சிதையாமல் உள்ளனவா, கைவேலை மறைக்கப்படாமல் சொல்லப்பட்டுள்ளதா, பிறந்த குவாரியின் பெயர் தெளிவாக உள்ளதா என்ற நான்கு கேள்விகளே இதற்குரிய அளவுகோலாகும். இந்நான்கிற்கும் விடை தரும் மங்கலான சிறு துண்டு, ஒன்றிற்கும் விடை தராத பளபளக்கும் பெருந்துண்டினும் உயர்ந்தது. அலமாரியில் முன்வரிசை அதற்கே உரியது.