வாடைக்கு அடைத்து வெயிலுக்குத் திறக்கும் வீடு

செய்யூர் வட்டாரத்தில் குளிர்காலம் கார்த்திகை அடைமழை ஓயும்போது தொடங்கி, தை முடியும்வரை நீளும். கடலோரம் என்பதால் இரவிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டித்தான் நிற்கும். மலையூர்க்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனாலும் விடியற்காலையில் உடம்பு வெடவெடக்கிறது. குளிரைவிட ஈரமே அதற்குக் காரணம். கிழக்கே வங்கக்கடல், பக்கத்தில் ஓதியூர்க் கழி, சுற்றிலும் உப்பளங்கள். காய்ந்த வேட்டி ராத்திரிக்குள் மறுபடி சில்லிட்டுப் போகும், தலையணை நமுத்துவிடும். எனவே இந்தப் பக்கத்தில் வீட்டைக் கதகதப்பாக்க வெந்நீர்க் குழாயோ கணப்பு அடுப்போ வேண்டாம். ஈரக்காற்றைத் தடுத்து, வெயிலுக்கும் விளக்குக்கும் இடம் விட்டால் போதும். மார்கழி வீட்டை ரசிப்பவர் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

வீட்டைக் குளிருக்குத் தயாராக்கும் இந்தக் கலைக்குத் தமிழில் பழைய சான்று நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்றான இந்த 188 அடிப் பாட்டில் நக்கீரர் ஒரு நகரம் கூதிர் என்ற குளிர்பருவத்துக்குத் தயாராவதைக் காட்டுகிறார். வேனிலில் தென்றல் நுழைந்த சாளரக் கதவுகளுக்குத் தாழ் போட்டாயிற்று. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. தொங்கும் விசிறியில் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. கன்னல் என்ற தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடுவாரில்லை. தடவு என்ற வாயகன்ற சட்டியில் நெருப்பைச் சூழ்ந்து மக்கள் குளிர்காய்கிறார்கள். புதிதாக எதையும் வாங்கி வைக்காமல், கோடைக்கு உரியதை ஓரங்கட்டியே பருவத்தைக் காட்டிவிடும் சாமர்த்தியம் கவனிக்கத்தக்கது. இன்றைக்கும் இதுவே நல்ல தொடக்கம்: மேசை விசிறியை அட்டத்தில் ஏற்றுவது, மண்பானையைக் கவிழ்த்து வைப்பது, வடக்கு ஜன்னலைச் சாத்துவது.

வீட்டின் முதல் அலங்காரம் தெருவில் இருக்கிறது. மார்கழியில் கோயில்கள் விடியுமுன் திறந்துவிடுவதால், செய்யூர்க் கந்தசுவாமி கோயில் பக்கம் நடப்பவர்களின் கண்ணுக்கு வாசல் இருட்டிலேயே தயாராக வேண்டும். சாணம் தெளித்த தரை ஈரமாக இருக்கும்போதே கோலம் போட்டால்தான் மாவு மண்ணைப் பற்றும். உலர்ந்த தரையில் போட்டது முதல் காற்றிலேயே கலையும். சிக்குக் கோலத்தைப் பார்க்கும்போது ஒரு புள்ளியைச் சுற்றும் கம்பி எங்கே தொடங்கி எங்கே சேர்கிறது என்று கண்ணாலேயே பின்தொடர வேண்டும். இழை தடிக்காமல், திரும்புமிடத்தில் நடுங்காமல் ஓடியிருந்தால் கைதேர்ந்தவர் போட்டது. வெள்ளைக்குக் காவிக் கரை கட்டியதும் தரைக்குச் சூடேறியதுபோல் தோன்றும். சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ விடியலில் மலர்ந்து உச்சிக்குள் சுருங்கிவிடும் என்பதால், எட்டு மணிக்கு மேல் வருபவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

அடுத்தது வெயில். மார்கழியில் செய்யூருக்குச் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கிறது. உச்சியிலும் தென்வானில் சுமார் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஆனியில் தலைக்கு மேலே, சற்று வடக்கே நிற்கும் அதே சூரியன்தான். இதனால் கோடையில் தாழ்வாரம் மறைத்த தெற்குத் திண்ணை குளிர்காலக் காலையில் முழுக்க வெயில் குடிக்கும். கிழக்கு வாசல் வீட்டிலோ கதிர் சாய்ந்து நுழைந்து வடசுவரில் விழும். பித்தளைக் குடமோ மஞ்சள் பூசிய முறமோ இருக்க வேண்டிய இடம் அந்தச் சுவர்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மைகள் அங்கே எடுபடாது, வெறும் பளபளப்பாகத் தெரியும்.

மாலை வந்தால் விளக்கு. கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய அகலை அந்த ஒரு நாளோடு பரணில் ஏற்றாமல் தை வரை மாடத்தில் வைக்கலாம். புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தினால் மண் எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது. மாடத்தின் மூன்று பக்கச் சுவரும் சுடரைக் காற்றிலிருந்து காப்பதுடன் ஒளியை ஒரே திசையில் அனுப்புகின்றன. சுண்ணாம்பு பூசிய மாடம் இன்னும் பிரகாசம். எண்ணெய்ச் சுடரின் நிறவெப்பம் ஏறத்தாழ 1900 கெல்வின். பல வீடுகளில் எரியும் வெள்ளை டியூப்லைட் 6500. அந்த நீலம் கலந்த வெண்மையில் எந்த அறையும் ஆஸ்பத்திரி வராந்தாதான். 2700 கெல்வின் வார்ம் ஒயிட் பல்பு ஒன்றைக் கண்மட்டத்துக்குக் கீழே, மூலையில் எரியவிட்டால் பழைய மாடத்தின் வேலையில் பாதியாவது நடக்கும்.

காலுக்கடியில் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. சிவப்பு ஆக்சைடு தரையும் டைல்ஸும் பாதத்தின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கின்றன. கோரைப்பாயின் இழைகளுக்கிடையே காற்று தங்குவதால் சூடு நிற்கிறது. பாயின் மேல் பழம்புடவை மடித்துத் தைத்த மெத்தை விரிப்பு ஒன்றிருந்தால் போதும். வெல்வெட் திரையும் சடைக் கம்பளமும் இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

வாசனைக்குச் சாம்பிராணி. தூபக்காலில் தணல் கனிந்து சாம்பல் பூத்த பிறகு பொடியைத் தூவினால் புகை வெண்மையாக, மெல்ல எழும். கொழுந்துவிடும் நெருப்பில் போட்டால் கருகல் நாற்றம். கரித்தணலை அடைத்த அறையில் விட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடு சேரும்.

திண்ணையும் மாடமும் முற்றமும் ஒன்றாகச் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்குப் போகலாம். 1996இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில் ஊர்களிலிருந்து பிரித்தெடுத்து வந்து மறுபடி கட்டிய வீடுகள் உள்ளன. செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் வெயில் இறங்கும் கோணத்தையும், அக்கிரகார வீட்டுத் திண்ணையில் கூரை எவ்வளவு தாழ்கிறது என்பதையும் மார்கழிக் காலையில் பார்ப்பதே சரி. செவ்வாய்க்கிழமை விடுமுறை.