கூட்டுப் படைப்பு: பிளாக் மவுண்டன் கல்லூரி பற்றிச் சில குறிப்புகள்

நண்பர் ஒருவரின் மகள் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு பட்டறைக்கு அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். இசை, நடனம், கட்டடக்கலை, கணினி என்று வெவ்வேறு துறைகளில் படிக்கும் மாணவர்கள் இரண்டு கிழமை ஒரே இடத்தில் தங்கி, சேர்ந்து ஏதாவது ஒன்றைப் படைக்க வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாக உணவகச் சமையலறையில் நிற்கும் நண்பர் கேட்டார்: "உதாலை என்ன பிரயோசனம்?"

இந்தக் கேள்வியைக் கலை உணர்வில்லாதவரின் கேள்வி என்று ஒதுக்கிவிடுவது எங்களைப் போன்ற எழுதுகிறவர்களுக்குச் சுலபம். ஆனால் அகதியாக வந்து ஒவ்வொரு மணித்தியாலத்தையும் காசாக எண்ணிப் பழகிய ஒருவர் கேட்கும் கேள்வி அது. அதற்கு ஒழுங்கான பதில் சொல்லவேண்டும். இத்தகைய பட்டறைகளைப் பற்றிக் கதைக்கும்போது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பெயர் பிளாக் மவுண்டன் கல்லூரி. எனவே அங்கிருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், அஷ்வில் நகருக்கு அருகே, 1933இல் இந்தக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது. புளோரிடாவில் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஜோன் அன்ட்ரூ ரைஸ் என்ற ஆசிரியரும் அவரது சகாக்களும் ஆரம்பித்தார்கள். அதே வருடம் ஜேர்மனியில் நாசிகளின் நெருக்குதலால் பௌஹவுஸ் கலைப்பள்ளி மூடப்பட்டது. அங்கு கற்பித்த ஜோசெப் அல்பேர்ஸும், நெசவுக் கலைஞரான அவரது மனைவி ஆனியும் வருட முடிவுக்குள் வட கரோலைனாவில் வந்து இறங்கினார்கள். ஜோசெப்புக்கு ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது. அவர் விரிவுரை செய்யவில்லை. கடதாசியையும் இலையையும் கம்பியையும் கொடுத்து, பார்க்கவும் செய்யவும் வைத்தார். பாஷை இல்லாத இடத்தில் கைகளைக் கொண்டு தொடங்குவது எப்படி என்பது எம்மவர்க்குப் புதிதல்ல.

மக்ஸ் டேன் என்ற கணிதவியலாளரின் கதை இன்னும் நெருக்கமானது. ஹில்பேர்ட் 1900இல் உலகின் முன் வைத்த கணிதப் பிரச்சினைகளில் ஒன்றைத் தீர்த்தவர் அவர். யூதர் என்பதால் 1935இல் பிராங்பேர்ட் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். நோர்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகருக்குப் போனார். ஜேர்மன் படைகள் 1940இல் அங்கும் வந்தபோது சைபீரியா, ஜப்பான் வழியாக அமெரிக்கா சேர்ந்தார். 1945இலிருந்து 1952இல் இறக்கும்வரை பிளாக் மவுண்டனில் கற்பித்தார். ஆராய்ச்சி மாணவர்களோ பெரிய நூலகமோ இல்லாத அந்த இடத்தில், ஓவியம் படிக்க வந்தவர்களுக்குக் கேத்திரகணிதம் சொல்லிக் கொடுத்தார். மாணவர்களோடு மலைகளில் நடந்தபடியே கதைத்தார். பின்னாளில் ஓவியராகப் பெயர்பெற்ற டொரதியா ரொக்பேர்ண், தன் கலையின் அடித்தளம் டேனிடம் கற்ற கணிதம் என்றே சொல்லிவந்திருக்கிறார். துறைகள் சந்திப்பது என்றால் இதுதான். இதற்கு இரண்டு கிழமை போதாது.

*

பிளாக் மவுண்டனைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக 1952ஆம் ஆண்டுக் கோடையில் நிற்பார்கள். ஜோன் கேஜ் ஏணியில் நின்று உரையாற்ற, மேர்ஸ் கனிங்ஹாம் ஆட, ரவுஷென்பேர்க்கின் வெள்ளை ஓவியங்கள் மேலே தொங்க, சாப்பாட்டு மண்டபத்தில் நடந்த அந்த நிகழ்வு இன்று ஒரு ஐதீகம். பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நினைவு கூர்ந்திருக்கிறார்கள். நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது வேறு இரண்டு விடயங்களை.

முதலாவது, 1940-41இல் ஏடன் ஏரிக்கரையில் எழுந்த கட்டடம். குரோப்பியஸும் புரொயரும் வரைந்த திட்டத்துக்குக் காசு போதவில்லை. லோரன்ஸ் கோச்சர் எளிமையான ஒன்றை வரைந்தார். மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களே அதைக் கட்டினார்கள். தோட்ட வேலையும் அவர்களுடையதே. சேர்ந்து படைப்பது ஒரு பயிற்சியாக அங்கு வைக்கப்படவில்லை. கட்டாவிட்டால் இருக்க இடமில்லை.

இரண்டாவது, 1948இல் எழும்பாமல் போன கூடாரம். யன்னல் மறைப்புக்குப் பாவிக்கும் உலோகப் பட்டிகளைக் கொண்டு பக்மின்ஸ்ரர் ஃபுல்லர் மாணவர்களோடு ஒரு பெரிய அரைக்கோளத்தை எழுப்ப முயன்றார். அது எழும்பவேயில்லை. ஒருவரும் அவமானப்படவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்து, வேறு பொருட்களால் சிறிய ஒன்றை நிறுத்திக் காட்டினார். தோற்பதற்கு இடமும், திரும்பி வருவதற்கு அடுத்த வருடமும் இருந்தன என்பது சாதாரண விடயமல்ல.

ஆனால் இதே கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அந்தக் கோடையில் ஃபுல்லருக்கு உதவிய மாணவர்களில் ஒருவர் கெனெத் ஸ்னெல்சன். வீடு திரும்பியபின், ஒன்றையொன்று தொடாத தடிகள் கம்பிகளின் இழுவையால் மட்டும் நிற்கும் ஒரு அமைப்பை அவர் செய்தார். 1949இல் அதை ஆசிரியரிடம் காட்டினார். ஃபுல்லர் அதற்குப் பெயர் சூட்டினார். உலகமும் அதை ஃபுல்லருடையதாகவே அறிந்தது. 1959இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகக் கண்காட்சியில்தான் ஸ்னெல்சனின் பங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. கூட்டாகச் செய்யும்போது 'நாங்கள்'. அச்சில் வரும்போது 'நான்'. எங்கள் சஞ்சிகைகளிலும் நாடகக் குழுக்களிலும் இது நடக்காததா?

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. ஜனநாயகச் சமூகம் என்று பேசிக்கொண்ட அந்த இடத்தின் சமையலறையில் ஒரு கறுப்பினத் தம்பதியர் சம்பளத்துக்குச் சமைத்தார்கள். 1930களில் ஒரு கறுப்பின மாணவர்கூட அங்கு சேர்க்கப்படவில்லை. 1944ஆம் ஆண்டுக் கோடை இசைப் பட்டறைக்கு அல்மா ஸ்டோன் வில்லியம்ஸ் வந்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது. சமையலறையில் நிற்கும் என் நண்பர் இந்த வரலாற்றை வாசித்தால், தன் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான் என்று சொல்லக்கூடும். அவர் பார்வையில் பிழையில்லை.

*

அப்படியென்றால் பிரயோசனம் என்ன?

ரூத் அசாவா கலிபோர்னியாவில் தோட்டம் செய்த ஜப்பானியப் பெற்றோரின் மகள். 1942இல் அமெரிக்க அரசு அந்தக் குடும்பத்தை முதலில் குதிரைப் பந்தயத் திடலின் லாயத்திலும், பிறகு ஆர்கன்சோ முகாமிலும் அடைத்தது. முகாம் என்ற சொல் எங்களுக்கு என்ன செய்யும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஆசிரியப் பயிற்சியை முடிக்க ஜப்பானிய முகம் தடையாயிற்று. 1946இல் பிளாக் மவுண்டனுக்கு வந்து மூன்று வருடம் தங்கினார். சலவைக்கூடத்தில் வேலை செய்தபோது, துணிகளில் குத்தும் கல்லூரி முத்திரையையே எடுத்துச் சித்திரம் செய்தார். 1947இல் மெக்சிக்கோவின் டொலூக்காவில் கம்பிக் கூடை பின்னக் கற்றார். அவரது புகழ்பெற்ற கம்பிச் சிற்பங்கள் அதிலிருந்து பிறந்தவை. 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏனைய பெற்றோருடன் சேர்ந்து, சாதாரண அரச பாடசாலைப் பிள்ளைகளுக்கு, பால் பெட்டிகளையும் மாவையும் கொண்டு ஒரு கலைப் பட்டறை தொடங்கினார்.

கல்லூரி கடனில் மூழ்கி 1957இல் மூடப்பட்டது. அதைக் கட்டியவர்களுக்கு நிலமோ பட்டமோ மிஞ்சவில்லை. அசாவாவிடம் இருந்ததுதான் மிச்சம்: கையில் கிடைத்ததிலிருந்து தொடங்கலாம் என்ற துணிவு, அதைப் பிறருக்குக் கொடுக்கும் பழக்கம்.

இன்றைய பட்டறைகள் பிளாக் மவுண்டனிலிருந்து துறைக் கலப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சாத்தியமாக்கிய நீண்ட காலத்தையும் பொது உழைப்பையும் விட்டுவிடுகின்றன என்பதே என் விமர்சனம். இருந்தும் மகளை அனுப்பும்படியே நண்பரிடம் சொன்னேன். போகிறவள் அங்கு மூன்று விடயங்களைக் கேட்கட்டும். சமைப்பதும் கூட்டுவதும் யார்? நாங்கள் செய்வது எழும்பாவிட்டால் என்ன நடக்கும்? எழும்பினால் யாருடைய பெயர் போடப்படும்?

நண்பர் மூன்றாவது கேள்விக்குத்தான் சிரித்தார். மகள் முதலாவதைக் குறித்துக்கொண்டாள்.