எழுவாய் எங்கே?

ஆங்கில வகுப்பிலே நாம் ஆண்டுதோறும் ஒரு பயிற்சி தருகிறோம். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக! 'நான் தவறு செய்தேன்' என்பதைத் 'தவறு என்னால் செய்யப்பட்டது' என்று மாணவன் மாற்றுவான். 'என்னால்' என்பதை விட்டுவிடினும் பிழையில்லை என்று நாமே சொல்லித் தருகிறோம். இலக்கணப் பிழை இல்லைதான்! ஆனால் அந்த ஒரு சொல் உதிர்ந்ததும் குற்றவாளி கூண்டைவிட்டு இறங்கிப் போய்விடுகிறான். குற்றம் மட்டும் கேட்பாரற்று நிற்கிறது.

'மிஸ்டேக்ஸ் வேர் மேட்!' தவறுகள் செய்யப்பட்டனவாம்! ஆளவந்தார் அகராதியிலே இதற்கு அரியணை உண்டு. 1876 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிராண்ட், தம் கடைசி ஆண்டுச் செய்தியில் இவ்வகைத் தொடரைக் கையாண்டார். ஒப்புக்கொள்வதாகவும் சொன்னார், உடனே, தவறு பெரிதும் உதவியாளரைத் தேர்ந்ததிலேதான் என்று பாரத்தைச் சாய்த்தார். ஈரானுக்கு மறைவாகப் படைக்கலம் விற்ற செய்தி வெடித்தபின், 1987 சனவரியில் ரீகனும் அதே தொடரைத்தான் நாடினார். நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்தும் தேயாத தொடர்!

ஆங்கிலத்திலே சொற்பஞ்சமா? இல்லை. 'கன்ஃபெஸ்' என்றொரு சொல். பாதிரியார் முன் மண்டியிட்டுப் பாவத்தைச் சொல்வதற்கும் அதுவே பெயர். அடிபட்டவன் வெளியே நிற்க, மன்னிப்பு உள்ளே வழங்கப்படும். 'ஓன் அப்' என்றொரு தொடர். 'இது என்னுடையது' என்று குற்றத்தை உடைமையாக்கிக்கொள்வது. எளிய சொல், ஏற்றமிகு சொல்! 'அப்பாலஜி' என்பதன் கதையோ வேடிக்கை. அதன் கிரேக்க மூலத்துக்கு மன்னிப்பு என்ற பொருளே இல்லை. எதிர்வாதம் என்றே பொருள். ஏதென்சு நீதிமன்றத்தில் சாக்ரடீசு தலைநிமிர்ந்து நிகழ்த்திய வாதத்துக்கு அதுதான் பெயர். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைய ஆட்சியாளரோ மன்னிப்பு என்று தொடங்கி எதிர்வாதத்திலே முடிக்கிறார்கள்!

இவற்றுக்கெல்லாம் இளையது போல் பணிவாக நிற்பது 'ரிக்ரெட்'. வருந்துகிறோம்! இரயில் நேரந்தவறினாலும் நிலைய ஒலிபெருக்கி இதைத்தான் சொல்கிறது.

1919 ஏப்ரல் 13இல் அமிர்தசரசு, ஜாலியன்வாலா பாகிலே ஜெனரல் டயரின் ஆணைப்படி 1,650 குண்டுகள் பாய்ந்தன. அரசின் கணக்குப்படியே மாண்டவர் 379 பேர். நூறாண்டு நிறைவை ஒட்டி, 2019 ஏப்ரல் 10இல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே பாராளுமன்றத்திலே எழுந்தார். நிகழ்ந்ததற்கும் விளைந்த துன்பத்துக்கும் ஆழ்ந்து வருந்துவதாகச் சொன்னார். நிகழ்ந்ததாம்! விளைந்ததாம்! மழையா, புயலா, தானே நிகழ? முழுமையான மன்னிப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவர் கோர்பின் அங்கேயே கேட்டார். அது வரவில்லை.

சொல்லத் தெரியாத நாடா அது? 1972 சனவரி 30இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் படை சுட்டு அன்றே 13 பேர் மாண்டனர். 2010 சூன் 15இல் பிரதமர் கேமரன் பாராளுமன்றத்திலே, அச்செயலுக்கு நியாயமே இல்லை என்றார்; அரசின் பேராலும் நாட்டின் பேராலும் மன்னிப்பைக் கேட்டார். 2013இல் அதே கேமரன் ஜாலியன்வாலா பாகுக்கு வந்தார். வெட்கக்கேடு என்று எழுதினார், மன்னிப்புக் கேட்கவில்லை. தாம் பிறப்பதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன் நடந்தது என்று காரணம் சொன்னார். பேரரசுக்கு வாரிசாக வருபவர் அதன் கடனுக்கு மட்டும் வாரிசு இல்லையோ?

இதிலே ஒரு கொடிய முரண்பாடு உண்டு, தோழர்களே! ஹண்டர் விசாரணைக் குழுவின் முன் டயர் ஒளிக்கவில்லை. சுட்டது தானே என்றும், சுடுவதென்று முன்பே முடிவு செய்ததாகவும் சொன்னான். எழுவாய் இருந்தது, செய்வினை இருந்தது. வெட்கம் ஒன்றுதான் இல்லை. நூறாண்டுக்குப் பின் வெட்கம் வந்தது. வரும்போது எழுவாயைத் தொலைத்துவிட்டு வந்தது.

நம் மொழியும் தப்பவில்லை. 'கண்ணாடி உடைந்துவிட்டது ஐயா' என்கிறான் சிறுவன். 'உடைத்தேன்' என்று சொல்ல அவனுக்கும் நா எழவில்லை. பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட நமக்கும் அதில் பங்குண்டு. அடுத்த வாரம் அதே பயிற்சி மறுபடி வருகிறது. 'என்னால்' என்பதை விடலாம் என்று சொல்லுமுன், 379 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதிவைக்க எண்ணியிருக்கிறோம்.