சுவருக்குள் ஒரு பம்பரம்

மே மாதம், சாயங்காலம் நாலு மணி. எங்கள் புது அறையின் மேற்குச் சுவரில் வெளிப்பக்கம் கை வைத்தால் இரண்டு நொடி தாங்காது. அப்படியே உள்ளே வந்து, அதே சுவரில் கன்னத்தை வையுங்கள். மண்பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். “கொஞ்சம் குறைச்சுச் சொல்லு” என்பார் என் வீட்டுக்காரர். குறைக்கவே மாட்டேன்! எங்கள் தோட்டத்துக்கு யார் வந்தாலும் காபி அப்புறம்தான், முதலில் சுவர்.

உடுமலைக்குத் தெற்கே, தென்னைக்கு நடுவில் மாமா காலத்து ஓட்டுச் சாளை எங்களுடையது. ஆறு பேருக்கு இரண்டு அறை. பிள்ளைகள் வளர, இன்னொரு அறை இல்லாமல் தீராது என்றானது. அந்தச் சமயம் பார்த்து இவர் திருவனந்தபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். தம்பானூரில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதே, சுற்றிச் சுற்றி மேலே ஏறும் அந்தச் சிவப்புக் கட்டடம், அதற்குள் உட்கார்ந்து ஒரு காபி குடித்தார். ஆள் பழையபடி திரும்பி வரவில்லை. கட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, கேரளத்தையே ஊராக்கிக்கொண்டு, 2007-இல் அங்கேயே கண்ணை மூடியவர். அவர் ஊரெல்லாம் கட்டிக் காட்டிய சுவர் முறைக்கு ‘ராட் டிராப் பாண்டு’ என்று பெயர். எங்கள் கொத்தனார் வாயில் அது ‘எலிக்கூட்டுச் செவுரு’.

விஷயம் இவ்வளவுதான். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுவோம். இதில் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, நடுவில் மூன்று அங்குலச் சந்து. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு கல். மேல்வரிசைக் குறுக்குக்கல் கீழ்க்கல்லின் நடுவில் வந்து உட்கார வேண்டும். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் உள்ளே பெட்டி பெட்டியாகக் காற்று. அந்தக் காற்றுதான் வெயிலை உள்ளே விடாமல் தடுக்கிறது.

ஒரு ராத்திரி பையனின் கணக்கு நோட்டில் நானே போட்டுப் பார்த்தேன். ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குலச் செங்கல். ஒரு அடி நீளத்துக்கு, ஒரு வரிசைக்கு மூன்று கல். அதே இடத்தைக் கெட்டியாகக் கட்டினால் நாலு கல். நாலில் ஒன்று மிச்சம்! இவரை எழுப்பிச் சொன்னேன். “காலையில சொல்லக் கூடாதா?” என்றார். 5,000 கல் ஆகும் என்று சொல்லியிருந்த அறை 4,000-க்குள் முடிந்தது.

அத்தைக்குத்தான் நம்பிக்கையே இல்லை. “ஏன் அம்மணி, காத்தை வெச்சா செவுரு கட்டறீங்க? ஆடிக்காத்துக்கு நிக்குமா?” பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று எங்கள் பக்கம் தென்னையையே வளைத்துவிடும், பயம் நியாயம்தான். அடிவரிசை, மூலைகள், கதவு ஜன்னல் ஓரங்கள், லிண்டல் மட்டம் எல்லாம் கெட்டியாகத்தான் கட்டியிருக்கிறது என்று கூட்டிப்போய்க் காட்டினோம். பார்த்தார், பதில் சொல்லவில்லை.

கொத்தனாருக்கும் மனசு ஒப்பவில்லை. “முப்பது வருசமா கெட்டியாக் கட்டிப் பழகுன கைங்க அம்மணி. சந்து விட்டுக் கட்டுன்னா கூசுதுங்க.” முதல் நாள் அந்தக் கை தன்னையறியாமல் சந்துக்குள் கலவையைத் தள்ளிவிட்டது. சந்து அடைந்தால் பிறகு காற்று ஏது? மூன்று அங்குலப் பட்டியல் பலகை ஒன்றில் கயிறு கட்டி, சந்தை மூடிக்கொண்டு கலவை பூசி, பலகையை இழுத்து அடுத்த இடத்துக்கு நகர்த்துவது என்று வழி கண்டோம். கயிறு இழுக்கும் வேலை பையனுக்கு. பரீட்சை லீவில் அவன் இத்தனை ஒழுங்காக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. மகளுக்குக் கல் பொறுக்கும் வேலை. பூச்சு இல்லாத சுவர், ஒரு கல் கோணினாலும் கண்ணை உறுத்தும். அவள் ஒவ்வொரு கல்லையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தாள். ஒரு சூளைக்காரர் அனுப்பிய லோடில் பாதி வளைந்த கல். சண்டை போட்டுப் பார்த்தோம், பலனில்லை. அதெல்லாம் கோழிக்கூடாகிவிட்டது. எங்கள் கோழிகள் கோணல் பங்களாவில் குடியிருக்கின்றன.

கூரையைப் பற்றி இரண்டு வரி. கான்கிரீட்டின் அடிப்பாதி கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிரப் பெரிதாகச் சுமை தாங்குவதில்லையாம். கம்பிக் கட்டங்களுக்கு நடுவே, சாளையிலிருந்து இறக்கிய பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டோம். சிமென்ட்டும் மிச்சம், நிமிர்ந்து பார்த்தால் மாமா காலத்து ஓடு.

குறையே இல்லையா? உண்டு. ஆணி அடித்தால் சில இடத்தில் பொசுக்கென்று சந்துக்குள் போய்விடும். காலண்டர் மாட்டுவதற்குள் நாலு ஆணி போச்சு. ஆணி மட்டுமா? சுவர் இடுப்பளவு ஏறியபோது, கயிறு இழுத்துக்கொண்டே குனிந்த பையனின் சட்டைப் பையிலிருந்து பம்பரம் உள்ளே விழுந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. கல்லை எடுத்துத் தருகிறேன் என்று கொத்தனார் கரண்டியை எடுத்தார். காய்ந்த சுவரைப் பார்த்துவிட்டு, அவனே வேண்டாம் என்றான். வெளிப்பக்கம் கரியால் ஒரு வட்டம் போட்டு வைத்தான்.

பிள்ளைகளுக்கென்று கட்டிய அறையில் இப்போது அத்தையின் கயிற்றுக்கட்டில் கிடக்கிறது, மேற்குச் சுவரை ஒட்டி. மத்தியானம் சாப்பிட்டால் நேரே அங்கேதான். கூட்டாளிகளைக் கூட்டி வந்து பையன் பம்பரம் இருக்கும் இடத்தைத் தட்டிக் காட்டும்போது, கண்ணைத் திறக்காமலே சொல்வார்:

“காத்தைக் கலைக்காத சாமி, போ.”