கூப்பிட முடியாத பெயர்கள்

சிறுவர் இலக்கியம் பற்றிய கூட்டம் ஒன்றில் அண்மையில் ஒரு வாதத்தைக் கேட்டேன். அயர்லாந்துப் பண்ணைக் கதைகளில் பன்றிக்குப் பேட்ரிக், கழுதைக்கு டோனல், செம்மறிக்கு ஷான் என்று பெயர் வைக்கிறார்கள். இது குழந்தையின் மனத்தில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பெயர்கள் அந்த நாட்டுப் பெயர்களாக இருப்பதால் மண்வாசனையும் கூடவே வந்துவிடும் என்பது வாதம். மனத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மண்வாசனை வரும் என்பதைப் பல ஆண்டுகளாக மறுத்துவருகிறேன், இப்போதும் மறுக்கிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் சொல்லிவிடலாம். மோனை காதுக்கு இனியது. ஐரிஷ் மரபுக்கவிதையில் ‘ஊம்’ எனப்படும் மோனை யாப்பிலக்கணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது; ஆகவே மோனையை அந்நியச் சரக்கு என்று தள்ள முடியாது. அயர்லாந்தில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான். உண்மையான விவசாயிகளும் மாட்டுக்கு மனம்போல் பெயர் வைக்கிறார்கள். 1945 முதல் 1993 வரை வாழ்ந்து, உலகிலேயே அதிக வயது கண்ட பசு என்று கின்னஸ் ஏட்டில் இடம்பிடித்த கெர்ரி மாவட்டத்துப் பசுவின் பெயர் ‘பிக் பெர்த்தா’. அதில் ஐரிஷ் வாடையே கிடையாது. இவற்றில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை அந்த முதலெழுத்தோடுதான். பேட்ரிக் ஏன் பன்றியானான்? ஆங்கிலத்தில் பன்றி ‘பிக்’ என்பதால். டோனல் ஏன் கழுதையானான்? கழுதை ‘டாங்கி’ என்பதால். ஐரிஷில் பன்றி ‘முக்’, கழுதை ‘அசல்’, செம்மறி ‘கீரா’. அந்த மொழிக்குள் போனதும் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. பேட்ரிக்குக்கும் பன்றிக்கும் ஓர் உறவும் இல்லை. பெயர் ஐரிஷ், அதைத் தேர்ந்தெடுத்த காரணம் ஆங்கிலம். இதை மண்வாசனை என்று எப்படிச் சொல்வது? இந்த வகைக்கு உலகம் முழுவதும் தெரிந்த உதாரணம் 1995-இல் ஒரு பிரிட்டிஷ் அசைவூட்டப் படத்தில் வந்த ‘ஷான் தி ஷீப்’. ஷான் என்பது ஐரிஷ் பெயர். ஆனால் அங்கே அது ‘மயிர் கத்தரிக்கப்பட்ட’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு சேர்ந்து சிலேடையாக நிற்கிறது. பிரிஸ்டல் நகரத்துப் படைப்புக்கு அது பொருந்துகிறது, அழகாகவும் இருக்கிறது. அதே அச்சில் அயர்லாந்துக் கதையை வார்ப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தகைய கதை எதைக் கையில் எடுத்தாலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பன்றியை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஆட்டை வைத்து, பெயரையும் ஆட்டுக்குரிய முதலெழுத்துக்கு மாற்றுங்கள். வேறு எந்த வரியையும் திருத்த வேண்டியிராது. அந்தப் பன்றியின் காது எப்படி மடிந்திருந்தது, முதுகில் எங்கே சேறு காய்ந்திருந்தது என்பதைப் பெயர் வைத்தவர் பார்க்கவே இல்லை.

அயர்லாந்தின் பழைய கதைகள் விலங்கைப் பார்த்த பிறகே பெயர் வைத்தன. ஒரு காளைக்காக இரண்டு நாடுகள் போர் புரியும் ‘டாய்ன்’ காவியத்தில் அந்தக் காளையின் பெயர் ‘டொன் கூல்னே’, அதாவது கூல்னே ஊர்க் கபிலன். எதிரணிக் காளை ‘ஃபின்வன்னாஹ்’, வெண்கொம்பன். வீரன் கூ ஹுல்லினின் குதிரைகளில் ஒன்று மஹாவின் சாம்பல் நிறத்தவன். மற்றொன்று சேங்லன் ஊர்க் கறுப்பன். துறவி கீரானின் பசு, கீரானின் மங்கல் பழுப்பு. அந்தப் பசுவின் தோலில் எழுதப்பட்டதாக ஐதீகம் சொல்லும் 12-ஆம் நூற்றாண்டுச் சுவடி இன்றும் டப்ளினில் இருக்கிறது. அந்த நூலுக்கே ‘பழுப்புப் பசுவின் புத்தகம்’ என்றுதான் பெயர். நிறம், கொம்பு, ஊர், உடையவர் என்று எல்லாப் பெயரும் பார்த்தறிந்த ஒன்றைச் சொல்கிறது.

முதுகெலும்பை ஒட்டி வெள்ளைப் பட்டை ஓடும் மாட்டுக்கு ஐரிஷில் ‘டிரிமன்’ என்று ஒரு சொல் உண்டு. நம் செவலையையும் மயிலையையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தி மங்கும் நேரத்தில் ஈரப் புல்வெளியில் இருபது மாடுகள் நிற்கும்போது, அந்த வெள்ளைக் கோட்டை வைத்துத்தான் தன் மாட்டை ஒருத்தி அடையாளம் கண்டிருப்பாள். பெயரைக் கேட்ட குழந்தை அந்த முதுகைப் பார்க்கிறது. ‘பிக் பெர்த்தா’வும் டிரிமன் இனம்தான், அவளை எப்படி அழைத்தாலும் அவளைப் பற்றிச் சொல்ல அந்தச் சொல் தேவைப்பட்டது.

ஆங்கிலத்தில் எழுதினால் இதெல்லாம் முடியாது என்று சொல்லவும் இடமில்லை. பாட்ரிஷியா லிஞ்ச் 1934-இல் ஆங்கிலத்தில் எழுதிய சிறுவர் நாவலில் கழுதையின் பெயர் நெடுங்காதன் என்று பொருள்படும் ‘லாங் இயர்ஸ்’. ஐரிஷிலோ, எழுத்தாளர் பாட்ரிக் ஓ கொனரே கின்வாரா ஊரில் வாங்கிய கழுதையைப் பற்றி எழுதினார். தலைப்பு ‘என் சின்னக் கறுப்புக் கழுதை’. தனிப் பெயரே வைக்கவில்லை. அந்தச் சில சொற்களால் பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மறக்காமல் இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இன்னொன்று. ஐரிஷில் ஒருவரைக் கூப்பிடும்போது பெயரின் முதலெழுத்தே குழைந்து மாறும். பேட்ரிக்கின் ஐரிஷ் வடிவமான பாட்ரிக்கைக் கூப்பிட்டால் ‘அ ஃபாட்ரிக்’. ஷானைக் கூப்பிட்டால் ‘அ ஹ்யான்’. டோனலைக் கூப்பிட்டால் ‘ட’ தொண்டைக்குள் இறங்கி ‘அ கோனில்’ போல ஒலிக்கும். விளி என்பது அந்த மொழியில் பெயரைத் தொட்டுப் பிசைவது. எந்த எழுத்தை நம்பி இந்த எழுத்தாளர்கள் முழுப் பாத்திரத்தையும் கட்டினார்களோ, அந்த எழுத்துதான் கூப்பிட்ட மாத்திரத்தில் கரைந்துபோகிறது. கழுதைக்கும் செம்மறிக்கும் ஐரிஷ் பெயரை வைத்துவிட்டு, அந்தப் பெயரை ஐரிஷில் கூப்பிடக்கூட வழியில்லாமல் செய்திருக்கிறார்கள்.

பன்றிக்குப் பேட்ரிக் என்னும் பெயர் இன்னும் மோசம். 19-ஆம் நூற்றாண்டு லண்டன் கேலிச்சித்திரக்காரர்கள் பேட்ரிக்கின் சுருக்கப்பெயரையே ஐரிஷ் மக்கள் அத்தனை பேருக்குமான வசையாக்கி, பக்கத்தில் ஒரு பன்றியையும் வரைந்துவைத்தார்கள். குடிசைவாசிக்கோ அந்தப் பன்றி கேலிப்பொருள் அல்ல. அதை விற்றுத்தான் குத்தகை கட்டினான். ‘குத்தகை கட்டும் கனவான்’ என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அந்த வசையை அறியாமல் ஒருவர் இந்தப் பெயரை வைத்திருக்கலாம். அறியாமல் வைத்தாலும் பழைய சித்திரம் குழந்தையின் கைக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஐரிஷ் பதிப்பாளர்களே இதைச் செய்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்படிச் சொன்னால், குழந்தைக் கதைக்கு இவ்வளவு கனம் எதற்கு என்று கேட்பார்கள். ஐரிஷ் மொழியே இதற்குப் பதில் சொல்கிறது. அதில் ‘போ’ என்றால் பசு. அதிலிருந்து பிறந்ததுதான் பாதையைக் குறிக்கும் ‘போஹர்’. பையனைக் குறிக்கும் ‘பூஹல்’ முதலில் மாடு மேய்ப்பவனைக் குறித்தது. மாடு நடந்த தடத்தைப் பாதை என்றும், மாட்டின் பின்னால் போனவனைப் பையன் என்றும் சொன்ன மொழி அது. அந்த மொழியின் பண்ணையில் விலங்குக்குப் பெயர் வைப்பது சின்ன வேலையாக இருக்க முடியாது. எழுத்தாளர் முதலில் அந்தப் பசுவின் முதுகைப் பார்க்கட்டும். பிறகு வேலிப்படலருகே நின்று, தான் வைத்த பெயரை ஒருமுறை உரக்கக் கூப்பிடட்டும். இருபது மாடுகளில் எது தலை தூக்க வேண்டும் என்று அவருக்கே தெரியாவிட்டால், வேறு பெயர் தேடட்டும்.